சென்னை ராயல் என்ஃபீல்டு சிங்கப்பூரில் ஏன் அபூர்வமாகத் தெரிகிறது?

ஜூரோங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது: "எங்கள் ஊர்ப் பக்கம் ஒரகடத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு வெளிநாடுகளில் வேகமாக வளர்கிறது என்று செய்திகளில் படிக்கிறேன். லண்டனில் இருக்கும் நண்பனும் அடிக்கடி பார்ப்பதாகச் சொல்கிறான். சிங்கப்பூரில் மட்டும் ஏன் எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது? ஊரில் ஏறக்குறைய 2 லட்ச ரூபாய்க்குக் கிடைக்கும் கிளாசிக் 350 இங்கே ஏன் பல மடங்கு விலை? இந்திய வண்டி என்றால் இங்கு மதிப்பில்லையா?"

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களை உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. இந்தியாவில் தயாரான வண்டி என்பதற்காக சிங்கப்பூரில் யாரும் ஒதுக்குவதில்லை. விரைவுச்சாலையில் நீங்கள் பார்க்கும் ஆரஞ்சு நிற கேடிஎம் 200 டியூக்கின் பெயர்தான் ஆஸ்திரியாவில் பிறந்தது. வண்டி புனே அருகே சாக்கனில் இருக்கும் பஜாஜ் ஆலையில் உருவானது. பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் ஓசூரில் டிவிஎஸ் கட்டிய வண்டி. டிரையம்ப் ஸ்பீட் 400 மறுபடியும் சாக்கன். பஜாஜ் பல்சர் 200 என்எஸ் சொந்தப் பெயரிலேயே இங்கே ஓடியிருக்கிறது. ஆக, இந்தியக் கைவேலை சிங்கப்பூருக்கு வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. வந்தவற்றில் பாதி ஐரோப்பியச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ராயல் என்ஃபீல்டுக்கு என்ன தடை? மோட்டார்சைக்கிள் தொழிலின் உதிரிபாகப் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் என் கணிப்பைச் சொல்கிறேன். ஒரு வெளிநாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டில் வளருமா என்பதைப் பாதி தீர்மானிப்பது அந்த நாட்டுச் சட்டம் கிழித்திருக்கும் கோடு. வண்டி அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மீதிப் பாதியை உதிரிபாகமும் பட்டறையும் தீர்மானிக்கின்றன. பழம்பெருமை, விளம்பரம், ஊர்ப்பாசம் எல்லாம் அதற்கு மேல் தூவும் கொத்தமல்லி.

சிங்கப்பூர் கிழித்திருக்கும் கோடுகளைப் பாருங்கள். மோட்டார்சைக்கிள் உரிமம் இங்கே மூன்று படி. 200 சிசி வரை 2பி. 201 முதல் 400 சிசி வரை 2ஏ. 400 சிசிக்கு மேல் போனால் 2ஆம் வகுப்பு. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஓராண்டு உரிமம் வைத்திருந்தால்தான் அடுத்த படிக்கான பயிற்சிக்கும் தேர்வுக்கும் போகலாம். ஆகவே இன்று 2பி எடுக்கும் ஒருவர் 400 சிசிக்கு மேற்பட்ட வண்டியைத் தொட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பலர் அவ்வளவு தூரம் போவதே இல்லை. வேலைக்குப் போய்வரவும் உணவு விநியோகத்துக்கும் 2பி போதும் என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள கீழ்த்தளம் அதுதான்.

ராயல் என்ஃபீல்டிடம் இன்று 200 சிசிக்குள் ஒரு வண்டியும் இல்லை. கீழ்த்தளத்தில் கடையே இல்லாத வியாபாரி.

அடுத்த தளத்திலும் நெடுங்காலம் இதே கதைதான். வெளிநாடுகளுக்கு அவர்கள் முக்கியமாக அனுப்பிவந்தவை 499 சிசி புல்லட்டும் கிளாசிக்கும், 2016இல் வந்த 411 சிசி ஹிமாலயன், 2018இல் வந்த 648 சிசி இன்டர்செப்டரும் கான்டினென்டல் ஜிடியும். எல்லாமே இங்கு 2ஆம் வகுப்பு. இதில் ஹிமாலயனை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். மலேசியாவின் மண்சாலைகளுக்கும் மெர்சிங் வரையிலான வார இறுதிப் பயணத்துக்கும் ஏற்ற, எளிமையான, பழுது பார்க்கச் சுலபமான வண்டி. 24 குதிரைத்திறன்தான். திறனைப் பார்த்தால் 2ஏ ஓட்டுநருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. ஆனால் எஞ்சின் 400 சிசி கோட்டை 11 சிசியால் தாண்டி நின்றது. அந்த 11 சிசி இந்தியாவில் யாருக்கும் ஒரு பொருட்டில்லை. இங்கே அது ஓராண்டுக் காத்திருப்பு, இன்னொரு பயிற்சிக் கட்டணம், இன்னொரு தேர்வு. அவ்வளவு பாடுபட்டு 2ஆம் வகுப்பு எடுத்தவர் 24 குதிரைத்திறன் வண்டியை வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்? அடுத்து வந்த ஹிமாலயன் 450க்கு 40 குதிரைத்திறன் இருக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் 452 சிசி; கோட்டுக்கு வெளியே இன்னும் தள்ளிப்போய்விட்டது.

ஜப்பானியர்கள் இந்தக் கோட்டை எப்படிப் பார்த்தார்கள் என்று கவனியுங்கள். ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் 399 சிசி. ஜப்பானின் நடுத்தர உரிமமும் 400 சிசியோடு முடிகிறது. உள்ளூர்ச் சட்டத்துக்காக அவர்கள் செய்த வண்டி நம் சட்டத்துக்கும் அப்படியே பொருந்திவிட்டது. நான்கு சிலிண்டர், பட்டு போன்ற ஓட்டம். 2022இல் தயாரிப்பு நிற்கும் வரை இங்கே 2ஏ வகுப்பின் ராஜா அதுதான். டிரையம்பும் பஜாஜும் சேர்ந்து 2023இல் கொண்டுவந்த ஸ்பீட் 400இன் கொள்ளளவு 398 சிசி. பழைய கேடிஎம் 390 டியூக் 373 சிசி, புதியது 399. 400ஐ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே நின்றுகொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ராயல் என்ஃபீல்டுக்குக் கோடு பார்க்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் லண்டன் நண்பர் சொல்வது அதற்குச் சாட்சி. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் நடுத்தர உரிமமான ஏ2வின் கோடு சிசியில் இல்லை, திறனில் இருக்கிறது: 35 கிலோவாட், அதாவது 47 குதிரைத்திறன். இன்டர்செப்டர் 650இன் திறன் எவ்வளவு? அதே 47. ஆஸ்திரேலியாவில் புதிதாகக் கற்பவர்களுக்கான வரம்பு 660 சிசி, கூடவே எடைக்கேற்ற திறன் வரம்பு. 648 சிசி அதற்குள்ளும் அடங்கும். ஆகவே அங்கெல்லாம் ஓட்டக் கற்று முடித்த இளையர் இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்றை, அதுவும் கைக்கு எட்டும் விலையில், நேரடியாக வாங்க முடிந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை 5,799 டாலர். அந்த அளவு இரட்டை சிலிண்டர் எஞ்சினுக்கு வேறு யாரும் அந்த விலை சொல்லவில்லை. பிரிட்டனில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் முன்னணி விற்பனைப் பட்டியல்களில் இன்டர்செப்டர் இடம்பிடித்தது இப்படித்தான். அதே வண்டி சிங்கப்பூரில் வந்து இறங்கினால் 2ஆம் வகுப்பு. இரண்டு ஆண்டு காத்திருந்து அந்த உரிமத்தை எடுத்தவர் முன்னால் 900 சிசி, 1,000 சிசி வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. லண்டனில் தொடக்கப்படியாக இருக்கும் வண்டி இங்கே உச்சிப்படியில் போய்ப் போட்டியிட வேண்டியிருக்கிறது.

நிலைமை மாறத் தொடங்கியது 2020இல், மீட்டியோர் 350இல் வந்த புதிய 349 சிசி எஞ்சினால். 20 குதிரைத்திறன், அதிர்வு குறைவு, பழைய புல்லட்டின் உடம்பு நடுங்கும் ஓட்டம் போய்விட்டது. அதே எஞ்சின் பின்னர் கிளாசிக் 350க்கும் ஹண்டருக்கும் புதிய புல்லட்டுக்கும் போனது. முதல் முறையாக 2ஏ ஓட்டுநருக்கு ராயல் என்ஃபீல்டில் நாலைந்து தேர்வுகள் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் இங்கே இவற்றைச் சற்று அடிக்கடி பார்க்க முடிகிறது. நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை இந்த 350களாகவே இருக்கும்.

இனி விலைக்கு வருவோம். இங்கே கணக்கு கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஒரு வண்டி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கும்போது 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட தொகை இது. கலால் வரி 12 விழுக்காடு, 480 வெள்ளி. இரண்டையும் கூட்டிய தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, ஏறக்குறைய 403. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, ஆக 600. இதுவரை வரி 1,500 வெள்ளிக்குள்தான். இதற்கு யாரும் மலைக்க மாட்டார்கள். அடுத்து வருகிறது சிஓஇ, பத்து ஆண்டுகளுக்கான வாகன உரிமைச் சான்றிதழ். அது 9,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 4,000 வெள்ளி வண்டி 14,500 வெள்ளியாகிவிடுகிறது. விற்பனையாளரின் லாபம், காப்புறுதி, சாலை வரி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. வண்டியைவிட அதை வைத்திருக்கும் உரிமை இரண்டு மடங்குக்கு மேல் விலை.

இது எல்லோருக்கும் பொதுவான சுமைதானே, ராயல் என்ஃபீல்டுக்கு மட்டும் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் உண்டு. இந்த நிறுவனம் வெளிநாடுகளில் வெல்வது விலையால். துறைமுகத்தில் 6,500 வெள்ளி மதிப்புள்ள ஒரு ஜப்பானிய வண்டியை அதே கணக்கில் போட்டுப் பாருங்கள் (முதல் 5,000 வெள்ளிக்கு மேல் பதிவுக் கட்டண விகிதம் கூடும்): வரிகளோடு சேர்த்து வண்டி ஏறக்குறைய 9,400, சிஓஇயோடு 18,400. துறைமுகத்தில் ஜப்பானிய வண்டி 60 விழுக்காட்டுக்கு மேல் அதிக விலை. கடைக்கு வந்ததும் வித்தியாசம் 27 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. சிஓஇ எல்லா மோட்டார்சைக்கிளுக்கும் ஒரே டி பிரிவில், ஒரே தொகை. 150 சிசி ஸ்கூட்டருக்கும் 1,200 சிசி வண்டிக்கும் வேறுபாடு கிடையாது. இவ்வளவு கொட்டிக் கொடுப்பதென்றால் இன்னும் கொஞ்சம் போட்டு ஜப்பானியதையே வாங்கிவிடலாமே என்ற எண்ணம் வாங்குபவருக்கு வருவது இயல்பு. மலிவு வண்டியின் மலிவை சிஓஇ விழுங்கிவிடுகிறது. 2009, 2010 வாக்கில் டி பிரிவுச் சான்றிதழ் ஆயிரம் வெள்ளியை ஒட்டித்தான் இருந்தது. 2022 இறுதியில் 13,000ஐத் தாண்டியது. விலையை நம்பி வரும் நிறுவனத்துக்கு அந்த ஏற்றம் மற்றவர்களைவிடக் கூடுதலாக வலித்திருக்கும்.

எதிர்ப்பக்க நியாயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புக்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் 100 விழுக்காடு. 2017இல் இந்தப் படிநிலை வந்த பிறகு ஆடம்பர வண்டிகள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. ஆகவே 2ஆம் வகுப்பில் இன்டர்செப்டர் 650க்குச் சிறு சாதகம் இருக்கிறது. பெரிய எஞ்சின் வேண்டும், ஆனால் கடன் பயம் உண்டு என்பவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். என் கண்ணுக்கு அழகும் அதற்குத்தான், அது வேறு விஷயம்.

எண்ணிக்கைக்கும் ஒரு பூட்டு இருக்கிறது. சிங்கப்பூர்ச் சாலைகளில் மோட்டார்சைக்கிள்கள் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம். 2018 பிப்ரவரியிலிருந்து வளர்ச்சி விகிதம் பூஜ்யம். பெரும்பாலும் ஒரு வண்டி பதிவிலிருந்து நீங்கினால்தான் இன்னொன்று உள்ளே வர முடியும். வேறு நாடுகளில் புதிய நிறுவனம் புதிய வாடிக்கையாளரை உருவாக்கலாம். இங்கே யாரோ ஒருவரின் இடத்தைப் பிடுங்கினால்தான் உண்டு. ஊரில் புல்லட் எங்கும் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அப்பா வாங்கியது, மாமா வாங்கியது எல்லாம் இருபது முப்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரில் பத்தாவது ஆண்டில் சான்றிதழ் முடிந்ததும் மறுபடி ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும், அல்லது கழித்துவிட வேண்டும். வண்டிகள் தெருவில் சேர்ந்து குவிய வழியே இல்லை.

செய்திகளில் நீங்கள் படிக்கும் வளர்ச்சி உண்மைதான். அதன் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் 1901இல் முதல் மோட்டார்சைக்கிளைச் செய்த நிறுவனம் அது. இந்திய ராணுவத்துக்குப் புல்லட் தேவைப்பட்டதால் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் ஆலை வந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970 வாக்கில் மூடப்பட்டது. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின. 1994இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2000இல் பொறுப்பேற்ற சித்தார்த்த லால் மூடும் நிலையில் இருந்ததைத் தூக்கி நிறுத்தினார். 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை, பின்னர் வல்லம் வடகாலில் இன்னொன்று. 2014இல் உலக விற்பனை எண்ணிக்கையில் ஹார்லி டேவிட்சனை முந்தியது. அடுத்த ஆண்டே அமெரிக்கத் தலைமையகத்தை ஹார்லியின் சொந்த ஊரான மில்வாக்கியில் திறந்தது. அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். 2024-25 நிதியாண்டில் முதல் முறையாக 10 லட்சம் வண்டிகளைத் தாண்டி விற்றது, அதில் ஏற்றுமதி ஒரு லட்சத்துக்கு மேல். பத்தில் ஒன்று வெளிநாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வளர்ச்சி என்ற ஆரவாரத்தைக் கேட்கும்போது இந்த விகிதத்தையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஏற்றுமதியின் போக்கை அவர்கள் எங்கே ஒருங்கிணைப்பு ஆலை வைத்தார்கள் என்பதில் படிக்கலாம். 2020இல் அர்ஜென்டினா, அடுத்த ஆண்டு கொலம்பியாவும் தாய்லாந்தும், 2022இல் பிரேசிலின் மனாவ்ஸ், பிறகு நேப்பாளம், பங்ளாதேஷ். இந்த நாடுகள் முழு வண்டியாக இறக்குமதி செய்தால் கடுமையாக வரி போடும். பெட்டிகளில் பாகங்களாகக் கொண்டுபோய் அங்கேயே பூட்டினால் வரி குறையும். பிரேசிலில் ஓடும் மோட்டார்சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே அமேசான் காட்டு நகரமான மனாவ்ஸில் பூட்டப்படுவதற்கு அங்குள்ள வரிச் சலுகைதான் காரணம். இதுவும் கோடு பார்த்து நிற்கும் வேலைதான். சிங்கப்பூரில் இந்த வித்தை பலிக்காது. வண்டி வல்லத்திலிருந்து வந்தாலும் தாய்லாந்திலிருந்து வந்தாலும் நம் கலால் வரியும் சிஓஇயும் ஒன்றே.

உதிரிபாகம் மீதிப் பாதி என்று சொன்னேன். அதற்கு ராயல் என்ஃபீல்டைவிட ஹோண்டாவின் கதை பொருத்தம். 1959இல் லாஸ் ஏஞ்சலிஸில் கடை திறந்தபோது ஜப்பான் நிதியமைச்சு அவர்களுக்கு அனுமதித்த முதலீட்டில் பாதிக்கு மேல் பணமாகக் கூட இல்லை. வண்டியாகவும் உதிரிபாகமாகவும் கொண்டுபோக வேண்டும் என்றது. அமெரிக்கர்களுக்குப் பெரிய வண்டிதான் பிடிக்கும் என்று பெரியவற்றை முன்னிறுத்தினார்கள். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் விரட்டியதில் எண்ணெய் ஒழுகியது, கிளட்ச் தேய்ந்தது. ஊழியர்கள் கடைக்குப் போய்வர ஓட்டிய 50 சிசி சூப்பர் கப் மேல்தான் மக்களின் கண் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் பினாங்கில் லோ பூன் சியூ என்ற வணிகர், ஜப்பான் போயிருந்தபோது அந்தச் சிறிய வண்டியைப் பார்த்து மலாயாவுக்குக் கொண்டுவந்தார். கப்சாய் என்று நாம் இன்றும் அழைக்கும் வண்டியின் வம்சம் அது. அவருடைய பெயரைத் தாங்கிய நிறுவனம் சிங்கப்பூரில் இன்றும் ஹோண்டாவை விற்கிறது. கப்சாயின் பிரேக் கட்டை வேண்டும் என்றால் காக்கி புக்கிட்டிலோ ஊபியிலோ எந்தக் கடையிலும் கிடைக்கும், ஜோகூரில் அதைவிட மலிவாகக் கிடைக்கும், அதைக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் கிடையாது. அறுபது ஆண்டு விதைத்த பயிர்.

ராயல் என்ஃபீல்டின் பாகங்கள் இங்கே கிடைப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் வடிகட்டி, பிரேக் கட்டை, கிளட்ச் கம்பி போன்றவை சிக்கலில்லை. விழுந்து தொட்டி நசுங்கினாலோ மின்னணுப் பாகம் ஏதாவது போனாலோ காத்திருப்பு நீளும். எந்தச் சிறிய முத்திரைக்கும் இதுதான் நிலை. தினமும் அந்த வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு ஒரு வாரம் வண்டி நிற்பது ஒரு வாரச் சம்பளம். வார இறுதியில் ஓட்டுபவருக்கு அது ஒரு முணுமுணுப்போடு போய்விடும்.

நீங்கள் வாங்கலாமா என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வியின் அடியில் அது இருக்கிறது. 2ஏ உரிமம் கையில் இருந்து, வேலைக்குப் போய்வரவும் ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் கோத்தா திங்கி வரை உலாத்தவும் என்றால் 350 தாராளமாகப் போதும்; நம் விரைவுச்சாலைகளில் வேக வரம்பே 80, 90 கிலோமீட்டர்தான். துவாஸ் வழியாக மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் கோலாலம்பூர் வரை விரட்டுவதுதான் ஆசை என்றால் அதை வாங்காதீர்கள். 20 குதிரைத்திறன் அங்கே மூச்சு வாங்கும். சான்றிதழில் மூன்று நான்கு ஆண்டு மீதமுள்ள பழைய வண்டி ஒன்றைப் பார்ப்பது புதியதைவிடப் புத்திசாலித்தனம். மீதமுள்ள மாதங்களால் விலையை வகுத்துப் பார்த்து, சேவைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊருக்குத் திரும்பும் திட்டம் இரண்டு மூன்று ஆண்டுகளில் இருக்கிறது என்றால், ஆசையை ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே தீர்த்துக்கொள்வது மேல். இங்கே சான்றிதழுக்குக் கொட்டும் பணத்தில் அங்கே ஒரு கிளாசிக்கும், அதன் பக்கத்தில் நிறுத்த இன்னொன்றும் வாங்கலாம்.

2பியோடு நின்றுவிடும் பெருங்கூட்டத்தை இந்த நிறுவனம் எட்ட ஒரு வழி இப்போது திறந்திருக்கிறது. 2024 நவம்பரில் ஃபிளையிங் ஃபிளீ என்ற பெயரில் மின்சார வண்டிகளை அறிமுகம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கிய அவர்களுடைய 125 சிசி வண்டியின் பெயர் அது. மின்சார வண்டிகளுக்கு நம் உரிமச் சட்டத்தின் கோடு சிசியில் இல்லை: 15 கிலோவாட் வரை 2பி, 25 வரை 2ஏ. நகரத்துக்கென்று செய்த அந்த இலகுவான வண்டி 15க்குள் நின்றால், 18 வயதில் உரிமம் எடுத்த ஒருவர் முதல் நாளே ராயல் என்ஃபீல்டு ஓட்டலாம். சிஓஇ அதற்கும் உண்டு; அதில் தப்பிக்க முடியாது. விநியோக ஓட்டுநர் இடைவேளையில் எங்கே மின்னேற்றுவார் என்பதும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார்ப்பேட்டைகளைப் பொறுத்தது. இங்கு அது வரும் நாளில் நான் விலைப் பட்டியலுக்கு முன் கிலோவாட் எண்ணைத்தான் பார்ப்பேன்.